ரொட்டரிக்கு ஒரு கடிதம் போட்டால் காசு வருமா?

கொஞ்சம் நீளமான பதிவு. இரத்மலானை, கல்கிசை, வெள்ளவத்தைப் பக்கம் தமிழ்மொழிப் பாடசாலைகளில் பிள்ளைகள் படிக்கும் பெற்றோரும், பழைய மாணவர்களும், பள்ளிவாசல் நிருவாகத்தில் இருப்பவர்களும் கடைசி வரை வாசித்தால் நல்லது.

அண்மையில் ஒரு கூட்டத்தில் பாடசாலை மலசலகூடப் பிரச்சினை பேச்சுக்கு வந்தது. ஒரு சகோதரர் சொன்னார்: "ரொட்டரிக்கு ஒரு கடிதம் போடுங்க சேர். வெளிநாட்டுக் காசு வரும், வேலை முடியும்." எல்லாரும் தலையாட்டினோம். நானும்தான். வீட்டுக்கு வந்து அந்த மானியத்தின் விதிகளை எடுத்து வாசித்தேன். வாசித்து முடித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. அவர்கள் கேட்கும் கேள்விகளில் ஒன்றுக்குக்கூட நம்மிடம் பதில் இல்லை.

முதலில் விசயத்தைச் சொல்லி விடுகிறேன். ரொட்டரி அறக்கட்டளையின் எண்ணம் 1917இல் பிறந்தது. முதல் நன்கொடை 26 டொலர் 50 சதம். இன்று அதன் உலகளாவிய மானியத் திட்டம் ஒன்றின் ஆகக் குறைந்த மொத்தச் செலவே 30,000 டொலர். டொலர் 300 ரூபா என்று வைத்தால் 90 இலட்சம் ரூபா.

இதற்குப் பாடசாலை நேரடியாக விண்ணப்பிக்க முடியாது. திட்டம் நடக்கும் நாட்டில் ஒரு கழகமும் வெளிநாட்டில் ஒரு கழகமும் சேர்ந்துதான் விண்ணப்பிக்க வேண்டும். காசும் ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. உறுப்பினர்கள் ஆண்டு நிதிக்குக் கொடுக்கும் நன்கொடை மூன்று ஆண்டுகள் முதலீட்டில் இருந்து, அதில் ஏறத்தாழப் பாதி அவர்களுடைய மாவட்டத்துக்கே திரும்புகிறது. இங்கே மாவட்டம் என்றால் கொழும்பு மாவட்டம் அல்ல. இலங்கையும் மாலைதீவும் சேர்ந்து ரொட்டரிக்கு 3220ஆம் மாவட்டம். மாவட்ட நிதியிலிருந்து ஒதுக்கும் தொகைக்கு, 2021 ஜூலைக்குப் பிறகு, உலக நிதி 80 வீதம் சேர்த்துத் தருகிறது. இரண்டு நாட்டு மாவட்டங்களும் சேர்ந்து 20,000 டொலர் ஒதுக்கினால் 16,000 மேலே வரும். மொத்தம் 36,000.

ஆகவே யாரோ ஒரு வெள்ளைக்காரர் பெட்டியைத் திறந்து கொடுக்கும் காசு அல்ல இது. பல நாடுகளில் சாதாரண மனிதர்கள் வருடா வருடம் போட்ட சில்லறை. அதனால்தான் கேள்வியும் கேட்கிறார்கள்.

என்ன கேட்கிறார்கள்? இந்தத் தேவையை யார் தீர்மானித்தது, பயன்படுத்தப் போகும் மக்களிடம் கேட்டீர்களா என்பது முதல் கேள்வி. தேவை மதிப்பீடு இல்லாமல் விண்ணப்பமே இல்லை. மானியம் முடிந்த பிறகு பராமரிப்புச் செலவை யார் ஏற்பது என்பது இரண்டாவது. கல்வித் திட்டமென்றால் வெறும் மேசை, கதிரை, கணினி வாங்கிக் கொடுப்பது போதாது, ஆசிரியருக்குப் பயிற்சி எங்கே என்று கேட்கிறார்கள். திட்டத்துக்கென்று தனி வங்கிக் கணக்கு, இரண்டு பேரின் கையொப்பம், ஐந்து வருடத்துக்குக் குறையாமல் பற்றுச்சீட்டுகள். உறுப்பினரின் பெற்றோரோ பிள்ளைகளோ மானியத்தில் பயன்பெற முடியாது. வேலையை எடுப்பவர் உறுப்பினருக்கு உறவென்றால் முன்கூட்டியே வெளிப்படுத்த வேண்டும்.

இப்போது நம் நிலைமை. நான் முன்பு கற்பித்த ஒரு பாடசாலைக்கு ஒரு நல்ல மனிதர் குடிநீர் வடிகட்டி வாங்கித் தந்தார். நாடா வெட்டினோம், படம் எடுத்தோம், பெயர்ப் பலகை வைத்தோம். எட்டு மாதத்தில் உள்ளே இருக்கும் வடியை மாற்ற வேண்டி வந்தது. அதற்கு யார் காசு கொடுப்பது என்று எவரும் யோசித்திருக்கவில்லை. நான் மாற்றலாகி வரும்போது பலகை மட்டும் பளபளப்பாக இருந்தது. பிள்ளைகள் வீட்டிலிருந்து போத்தலில் தண்ணீர் கொண்டு வந்தார்கள். கொடுத்தவரின் நிய்யத்தில் குறை இல்லை. குறை எங்களிடம். பொறுப்பாசிரியர் பட்டியலில் என் பெயரும் இருந்தது.

நம் சமூகம் கொடுக்காத சமூகம் அல்ல. ரமழானில் ஸகாத்தும் ஸதகாவும் எவ்வளவு புரள்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். வெள்ளம் வந்தால் விடிவதற்குள் சாப்பாட்டுப் பொதி தயார். ஆனால் எழுதி வைப்பது என்றால் நமக்குச் சங்கடம். "நம்பிக்கைதானே" என்கிறோம். கணக்குக் கேட்டால் சந்தேகப்படுவதாக மனம் நோகிறோம். அல்குர்ஆனின் ஆக நீண்ட வசனம் எதைப் பற்றியது? அல்பகராவின் 282ஆம் வசனம், கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியும் சாட்சி வைப்பது பற்றியும் பேசுகிறது. ஓதுகிறோம். பற்றுச்சீட்டை மட்டும் தொலைத்து விடுகிறோம்.

இந்தக் கழகங்கள் பற்றி நம்மில் சிலருக்கு மார்க்க ரீதியான தயக்கம் இருப்பதும் எனக்குத் தெரியும். அதை நான் கேலி செய்ய மாட்டேன். உங்கள் ஆலிமிடம் கேளுங்கள். உதவி பெறும் பாடசாலையில் எவரும் உறுப்பினராக வேண்டியதில்லை என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். பாகிஸ்தானிலும் பங்களாதேசிலும் துருக்கியிலும் ரொட்டரிக் கழகங்கள் இயங்குகின்றன. நம் நாட்டில் 1993க்குப் பிறகு போலியோ இல்லை. உலகளவில் அந்தப் போராட்டத்தில் அரசுகளோடும் உலக சுகாதார நிறுவனத்தோடும் யுனிசெப்போடும் ரொட்டரியும் நின்றது. சுனாமிக்குப் பிறகு இங்கே பாடசாலைகளை மீளக் கட்டியதிலும் அவர்களுக்குப் பங்கு உண்டு. லயன்ஸ் கழகங்களுக்கும் 1968இலிருந்து தனி அறக்கட்டளை இருக்கிறது. கண் பார்வைக்காக அவர்கள் செய்யும் வேலை ஊரறிந்தது.

அதேநேரம் இதை எல்லாவற்றுக்கும் மருந்தாகவும் சொல்லவில்லை. கழகம் தேடி, வெளிநாட்டுக் கழகம் தேடி, எழுதி, திருத்தி எழுதி, அனுமதி கிடைக்கப் பல மாதங்கள் ஆகும். நாளைக்கு ஒழுகும் கூரைக்கு இது உதவாது. இரண்டு இலட்சம் ரூபா வேலைக்கும் இது பொருந்தாது. அவற்றை நாமே செய்யலாம். செய்யவும் வேண்டும்.

என் கருத்து இதுதான். கடிதம் போடுவதைக் கடைசிக்கு வைப்போம். முதலில் ஐந்து பேர் சேர்வோம். ஒரு பெற்றோர், ஒரு ஆசிரியர், ஒரு பழைய மாணவர், கணக்குத் தெரிந்த ஒருவர், ஒரு தாய். தாய் கட்டாயம். மலசலகூடம் அசுத்தம் என்பதற்காகக் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பெண்பிள்ளையைப் பற்றி கூட்டத்தில் ஆண்கள் நாங்கள் ஒருபோதும் பேசியதில்லை.

அந்த ஐவரும் ஒரு மாதம் எடுக்கட்டும். எத்தனை பிள்ளைகளுக்கு எத்தனை மலசலகூடம், எத்தனை பழுது, தண்ணீர் எப்போது நிற்கிறது, துப்புரவுக்கு மாதம் எவ்வளவு, அதை யார் தருவார்? எழுதுங்கள். அதிபருக்கும் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துக்கும் காட்டுங்கள். வலயக் கல்விப் பணிமனையின் அனுமதியைக் கேளுங்கள். பிறகு அந்தக் கோப்போடு ஒரு கழகத்தின் கதவைத் தட்டுவோம். லண்டனிலும் டொரன்டோவிலும் மெல்பேர்னிலும் இருக்கும் நம் பழைய மாணவர்கள் அங்குள்ள கழகங்களை விசாரிக்கலாம்.

மானியம் கிடைத்தால் அல்ஹம்துலில்லாஹ். கிடைக்காவிட்டாலும் அந்தக் கோப்பு வீண்போகாது. அதைக் கையில் வைத்துக்கொண்டு ஊரிலேயே பத்துப் பேரிடம் கேட்கலாம். தன் காசுக்கு என்ன நடக்கும் என்று தெரிந்தால் மனிதன் மனம் விரும்பிக் கொடுப்பான்.

வெளிநாட்டுக் காசும் அமானிதம், உள்ளூர்க் காசும் அமானிதம். வாங்கும் கை முதலில் தயாராக இருக்க வேண்டும்.

ஐவரில் ஒருவராக வர விருப்பமுள்ளவர்கள் உள்பெட்டியில் சொல்லுங்கள். கணக்கு எழுதும் வேலையை நான் எடுக்கிறேன். வடிகட்டிக் கடன் ஒன்று எனக்குப் பாக்கி இருக்கிறது.