பிறர் குழந்தைகளும் நம் அடுக்களையும்

உத்தியோகத்துக்குச் செல்லும் பெற்றோரின் குழந்தைகளைத் தம் வீட்டில் வைத்துப் பராமரிக்கும் சகோதரிகள் இன்று நம் ஊர்களில் பலர் உண்டு. அவர்களுடைய அடுக்களையின் ஒழுங்கு பளபளக்கும் பாத்திரத்தில் இல்லை. எந்தப் பொருள் எந்த உயரத்தில் இருக்கிறது என்பதில்தான் இருக்கிறது. கீழ்த்தட்டில் அலுமினியக் கிண்ணங்களும் மரக் கரண்டிகளுமே இருக்கட்டும். தவழும் குழந்தை அவற்றை உருட்டி விளையாடினாலும் நஷ்டம் ஒன்றுமில்லை.

தெருவில் விற்கும் பினாயிலையும் ஆஸிடையும் பழைய குளிர்பானப் புட்டியில் வாங்கி மூலையில் வைக்கும் வழக்கம் நம்மவர்களிடம் இருக்கிறதே, அதைப் போல் அபாயமானது வேறில்லை. தாகமெடுத்த குழந்தைக்குப் புட்டி தெரியும். உள்ளே இருப்பது தெரியுமா? அவற்றைத் தனி அலமாரியில் வைத்துப் பூட்டுவது அவசியம். தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கலாகாது. இறங்கும்போது தொண்டையைப் புண்ணாக்கிய ஆஸிட் ஏறும்போதும் புண்ணாக்கும். புட்டியையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும்.

கொதிக்கும் சாம்பாரைத் தரையில் இறக்கி வைப்பதும் கூடாது. குழந்தைகள் வருமுன்பே சமையலை முடித்துவிட்டால் கவலை பாதியாகக் குறையும். எச்சில் பாத்திரங்களோ? குழந்தைகள் உறங்கும் வரையில் அவை தொட்டியில் கிடந்தால்தான் என்ன?