நண்பன் சொன்னால் கேட்பான், மாத்திரையை யார் தருவது?

"அவங்களுக்கு ஒழுக்கம் கிடையாது, அதான் நோய் வருது." சேரியைப் பற்றி இந்தப் பேச்சைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, அமெரிக்காவின் கறுப்பினத் தன்பாலீர்ப்பு ஆண்களைப் பற்றிச் சொல்லப்பட்டவை புதிதாக இருக்காது. ஆய்வுக்காக வாசித்தபோது எனக்கும் அப்படித்தான் இருந்தது.

1991இல் ஜெஃப்ரி கெல்லியின் குழு, மிசிசிப்பியின் பிலாக்ஸி நகரில் செய்த சோதனையை வெளியிட்டது. தன்பாலீர்ப்பு ஆண்கள் கூடும் மதுக்கூடங்களில் யார் பேச்சுக்கு மதிப்பு என்று அங்கே மது ஊற்றித் தருபவர்களிடமே கேட்டார்கள். அப்படித் தெரிந்தவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். நண்பர்களோடு பேச்சோடு பேச்சாக ஆணுறையைப் பற்றியும் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ஆணுறை இல்லாமல் உறவுகொள்வோர் ஏறத்தாழக் கால்பங்கு குறைந்தார்கள். மருத்துவர் சொன்னால் அறிவுரை. கூட ஆடுகிறவன் சொன்னால் அது நம்ம ஆட்களின் வழக்கம். பிறகு வட கரோலினாவில் கறுப்பின ஆண்களுக்கென்றே இம்முறையை மாற்றியமைத்தபோதும் பலன் கிடைத்தது.

ஆனால் நடத்தையை மட்டும் பேசுகிறவர்களுக்கு கிரெகோரியோ மில்லெட் குழுவின் 2007ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு சங்கடமானது. கறுப்பின ஆண்கள் வெள்ளையரைவிடக் கூடுதலாக ஆணுறையைத் தவிர்க்கவில்லை. தொற்று மட்டும் பலமடங்கு. எப்படி? இனவெறி பிரித்துவைத்த ஊரில் காதலும் அந்தச் சிறு வட்டத்துக்குள்தான். அங்கே சிகிச்சை எட்டாமல் ஒருவர் இருந்தால், அதே ஒரு இரவுக்கு ஆபத்து கூடுகிறது. ஊர், சேரி என்று பிரிந்த நிலத்தில் வாழும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மருந்தை முறையாக எடுத்து வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்தால் உறவின் மூலம் தொற்று பரவாது. தொற்றில்லாதவர்களுக்கான பிரெப் மாத்திரைக்கு 2012லேயே அனுமதி கிடைத்துவிட்டது. ஆனாலும் ஏழைகளுக்கான அரசுக் காப்பீட்டின் விரிவாக்கத்தை மிசிசிப்பி ஏற்கவில்லை. நண்பன் கைபிடித்து மருத்துவமனை வாசல்வரை கூட்டிவரலாம். உள்ளே?

கெல்லியின் முறையை ஐந்து நாடுகளில் சோதித்தார்கள். சென்னைக் குடிசைப் பகுதிகளும் அதில் உண்டு. 2010இல் வந்த முடிவில், நண்பர் பேச்சு நடந்த இடத்துக்கும் நடக்காத இடத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டிலும் ஆபத்தான நடத்தை குறைந்திருந்தது. இரண்டு இடத்திலும் பரிசோதனையும் ஆலோசனையும் பால்வினை நோய்ச் சிகிச்சையும் தந்திருந்தார்கள் என்பதை நான் முக்கியமாகப் பார்க்கிறேன்.

அதற்காக நண்பர்கள் பேச வேண்டாம் என்பதல்ல. பேசுவதும் உழைப்பு. நம் நாட்டுத் திட்டங்களில் இந்தச் சகக் கல்வியாளர்களுக்குக் கிடைப்பது மதிப்பூதியம்தான், சம்பளம் அல்ல. முதலில் அதை மாற்றுங்கள்.