நாடு கேட்காதவர் மேல் விழுந்த அடி



1976 மே 14ஆம் திகதி வட்டுக்கோட்டையில் தமிழீழத் தீர்மானம் நிறைவேறியபோது, கூட்டணியில் அங்கம் வகித்த இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் தனிநாட்டுக் கோரிக்கையில் தனக்கு உடன்பாடில்லை என்று அறிவித்தது. காரணம் வெளிப்படையானது. கோரப்பட்டது வடக்கும் கிழக்கும். கண்டியும் நுவரெலியாவும் அதற்குள் இல்லை.

ஆனால் 1977இலும் 1981இலும் 1983இலும் அடிக்க வந்தவர்கள் நம் நிலைப்பாட்டை விசாரிக்கவில்லை. தமிழர் என்பதே போதுமாக இருந்தது. லயங்கள் எரிந்தன. வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் ஓடிக் காடுவெட்டிக் குடியேறியவர்களை அங்கே போர் பிடித்துக்கொண்டது. தோட்டத்தில் எஞ்சிய இளைஞர்கள் பலரைப் பயங்கரவாதத் தடைச் சட்டம் சிறைக்கு அனுப்பியது.

பிரிக்கக்கூடாத ஒரே நாடு என்றவர்கள்தான் 1948இல் நம் பிரஜாவுரிமையைப் பறித்தார்கள். 1964இல் நம்மைக் கேளாமலே 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கு அனுப்ப ஒப்பந்தம் செய்தார்கள். ஒரு தேசியம் நம்மைக் கணக்கில் எடுக்கவில்லை. மற்றது கணக்கிலிருந்து வெட்டியது.

இதற்காகச் சிங்களத் தொழிலாளியைப் பகைக்க மாட்டோம். அவரும் நம்மோடு அதே தராசில் கொழுந்து நிறுக்கிறவர். கலவர நாட்களில் நம்மவரை வீட்டில் மறைத்துக் காத்த சிங்களக் குடும்பங்களையும் மறக்க மாட்டோம்.

இனி எவர் தேசத்தின் பெயரால் வாக்குக் கேட்டு வந்தாலும், மஹய்யாவ முதல் மஸ்கெலியா வரை நாம் திருப்பிக் கேட்க வேண்டியவை மூன்று: குடியிருக்கும் காணிக்கு உறுதி எங்கே? வாழத்தக்க சம்பளம் எங்கே? விசாரணையின்றி அடைக்கும் சட்டம் எப்போது ஒழியும்?

பதில் சொல்பவருக்கே நம் வாக்கு.