கங்கை மீனும் கன்னடியன் கால்வாயும்

ஆண்டுதோறும் ஜூலை 10-ஆம் தேதி தேசிய மீன் விவசாயிகள் தினமாகக் கொண்டாடப்படுகிறது. அந்த நாளுக்குக் காரணமானவர்களில் முதன்மையானவர் டாக்டர் ஹிராலால் சௌத்ரி. குளத்துப் பாசனத்தை நம்பி வாழும் தாமிரபரணி விவசாயிகள் அவரைப் பற்றி அறிந்துகொள்வது அவசியம்.

கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய கங்கைக் கெண்டைகள் குளத்தில் நன்றாக வளரும், சினையும் பிடிக்கும். ஆனால் தேங்கிய நீரில் முட்டையிடுவதில்லை. மழை வெள்ளம் புரளும் ஆற்றில்தான் இடும். ஆகவே முன்பெல்லாம் ஆற்றில் வலை கட்டிக் குஞ்சு பிடித்தார்கள். அதில் வேண்டாத மீன்களும், மற்றக் குஞ்சுகளைத் தின்னும் மீன்களும் கலந்திருக்கும். களை விதை கலந்த நெல்லை நாற்றங்காலில் பாவினால் என்ன கதியோ, அதே கதிதான்.

1921-இல் ஸில்ஹெட்டில் பிறந்த சௌத்ரி இதற்கு வழி கண்டார். முதிர்ந்த மீனின் மூளைக்கு அடியிலுள்ள சிறு பிட்யூட்டரி சுரப்பியை எடுத்து, அரைத்து, தெளிந்த சாற்றைச் சினை மீனுக்கு ஊசியாகப் போடுவதே அந்த வழி. பிரேசிலில் 1930-களிலேயே கையாண்ட முறை இது. நம் கெண்டைகளில் இது 1957 ஜூலை 10 அன்று ஒரிசாவின் அங்குலில் வெற்றி பெற்றது. உடன் உழைத்தவர் டாக்டர் கே.எச்.அலிக்குன்ஹி. பின்னர் சௌத்ரி பர்மா, லாவோஸ், பிலிப்பைன்ஸ் முதலிய நாடுகளிலும் பணியாற்றினார். 2014-இல் காலமானார்.

இதனால் கல்லிடைக்குறிச்சி விவசாயிக்கு என்ன லாபம்? குஞ்சு கிடைக்கும் காலம் ஆற்று வெள்ளத்தின் கையிலிருந்து மனிதன் கைக்கு வந்துவிட்டது. அதுதான் பெரிய லாபம். கன்னடியன் கால்வாய்ப் பகுதிக் குளங்கள் பல வடகிழக்குப் பருவமழையில் நிரம்பி, கோடையில் வற்றிவிடுகின்றன. சில மாதமே தண்ணீர் நிற்கும் குளத்தில் பொடிக் குஞ்சு விட்டால், எடை கூடும் முன்பே தண்ணீர் வற்றிவிடும். விரல் நீளக் குஞ்சுதான் விட வேண்டும்.

அந்தக் குஞ்சைச் சிறு விவசாயியே வளர்க்கலாம். கார் பருவத்தில் கிணற்றடியில் ஒரு சிறு குட்டையில் பொடிக் குஞ்சை வாங்கி விட்டால், பிசானத்திற்குக் குளம் பெருகும்போது விரல் நீளம் வந்துவிடும். கலப்பு மீன் வளர்ப்புக்கு ஏக்கருக்கு சுமார் 2,000 குஞ்சு போதும். மேல் நீரில் கட்லா, நடுநீரில் ரோகு, அடியில் மிர்கால் மேய்வதால் ஒன்றுக்கொன்று போட்டியில்லை.

இரண்டு எச்சரிக்கைகள். மலிவு என்று எங்கோ ஒரு குஞ்சு வாங்கக் கூடாது. ஒரே தாய் மீன் வழியிலேயே திரும்பத் திரும்பப் பொரித்த குஞ்சு வளர்த்தி குன்றும். மணிமுத்தாறு அரசு மீன் பண்ணை அருகிலேயே இருக்கிறது. அங்கே விசாரித்து வாங்குவது நலம். மேலும், இவை நம் ஆற்று மீன்கள் அல்ல. மடையிலும் கலுங்கிலும் வலை கட்டி, தாமிரபரணியின் சொந்த மீன்களுக்கு இடையூறு வராமல் காப்பது நம் கடமை.

மீன்பாசிக் குத்தகை பணம் படைத்தவருக்கே போகிறது என்ற குறை பல ஊர்களில் உண்டு. குறை சொல்வதோடு நில்லாமல், ஆயக்கட்டு விவசாயிகள் சங்கமாகச் சேர்ந்து ஏலம் கேட்க வேண்டும். குஞ்சும் கையில், குளமும் கையில் என்றால்தான் சௌத்ரி கண்ட வழியின் பலன் சிறு விவசாயி வீட்டுக்கு வந்து சேரும்.