குற்றாலத்தில் கடற்பறவை கத்தாது

'சினிமாட்டிக்' என்ற ஒற்றைச் சொல் குற்றாலத்தைக் கொன்றுகொண்டிருக்கிறது. சீசன் முடிந்ததும் தென்காசி, செங்கோட்டை, கடையநல்லூர் பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகள் தங்கள் குறும்பட ஃபுட்டேஜோடு என்னிடம் வருவார்கள், நிறத்தையும் ஒலியையும் சரிசெய்ய. கதை காதலோ, பேயோ, தாத்தாவின் சாவோ, கேட்பது ஒன்றுதான்: "அண்ணே, சினிமாட்டிக்கா இருக்கணும்." அப்படின்னா என்னடே என்றால், போனை எடுத்து ஒரு ரீல்ஸைக் காட்டுவான். நிழலெல்லாம் நீலப்பச்சை, முகமெல்லாம் ஆரஞ்சு.

இதைச் செய்து கொடுப்பது லட். லட்டு இல்லை, லட். இந்த நிறம் வந்தால் அதை அந்த நிறமாக்கு என்று சொல்லுகிற ஓர் அட்டவணை, அவ்வளவுதான். இணையத்தில் இலவசமாகவே கொட்டிக் கிடக்கிறது. அதைச் செய்தவன் எந்த வெயிலைப் பார்த்துச் செய்தானோ, சாரலைப் பார்த்திருக்க மாட்டான்.

சாரல் நேரத்து வெளிச்சத்துக்கு நிழலே கிடையாது. மதிய வெயில் 5600 கெல்வின் என்றால் மூட்டம் போட்ட வானம் 6500, 7000 என்று நிற்கும், லேசான நீலம். ஈர இலை பச்சையாகத் தெரியாது, வானத்தை வாங்கி வெள்ளையாக மினுங்கும். பேரருவிக்குப் பின்னால் மலை அடுக்கடுக்காக வெளிறிக்கொண்டே போகும். அந்த வெளிறலைத்தான் நாம் சாரல் என்று பார்க்கிறோம். பிள்ளைகள் முதல் வேலையாக கான்ட்ராஸ்டை ஏற்றி அதைத் துடைக்கிறார்கள். 'டீஹேஸ்' என்று அதற்கொரு பொத்தானே இருக்கிறது! பிறகு அதே லட்டை சுரண்டைப் பக்கத்துக் காட்சிக்கும் போடுகிறார்கள். அங்கே மழை எட்டாது, காற்று மட்டும் வந்து காற்றாலையைச் சுற்றும். ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு வானம் இருக்கிறது. எடிட் முடிந்து வெளியே வரும்போது ஒன்றுகூட மிச்சமில்லை.

இத்தனைக்கும் இது நிறம் தெரியாத ஊரா? குற்றாலத்துச் சித்திர சபையில் நடராசரே சிலையாக இல்லை, ஓவியமாக இருக்கிறார். 'ரோஜா'வின் நாயகிக்கு ஊர் சுந்தரபாண்டியபுரம், இங்கிருந்து கூப்பிடு தூரம். 1992இல் எடுத்த படம். அதில் பச்சை பச்சையாகத்தான் இருக்கிறது.

முகத்துக்கு வருவோம். ஃபிலிம் காலத்தில் கோடாக் நிறுவனம் ஆய்வகங்களுக்கு 'ஷெர்லி' அட்டை என்று ஒன்று அனுப்பும். அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண். அவள் தோல் சரியாக வந்தால் நிறம் சரி என்று அர்த்தம். கறுத்த முகங்கள் என்ன ஆகின்றன என்று வெகுகாலம் யாரும் கவலைப்படவில்லை. அந்த அட்டை ஒழிந்தாயிற்று. நாம் இப்போது அதே வேலையைச் சொந்தச் செலவில் செய்கிறோம், ஆச்சியின் முகத்தில் ஆரஞ்சைப் பூசி. வெக்டர்ஸ்கோப்பில் தோலுக்கென்று ஒரு கோடு உண்டு. கறுத்த தோலும் வெளுத்த தோலும் ஏறத்தாழ அந்தக் கோட்டின் மேல்தான் விழும். மாறுவது வெளிச்ச அளவுதான், ஆக வெளுக்க வைக்க வேண்டிய அவசியமே இல்லை. தோப்புக்குள் நிற்கிறவர் முகத்தில் இலைப்பச்சை அடித்தால் மொத்தப் படத்துக்கும் மஜந்தா ஏற்றாதீர்கள்; முகம் பிழைக்கும், மலை செத்துவிடும். முகத்துக்கு மட்டும் மாஸ்க் போட்டுத் திருத்தலாம், டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பிலேயே.

"கோயன் சகோதரர்கள் செய்யலியா?" என்று ஒருத்தன் கட்டாயம் கேட்பான். செய்தார்கள். 2000இல் வந்த 'ஓ பிரதர், வேர் ஆர்ட் தௌ', முழுப் படத்தையும் டிஜிட்டலில் நிறம் திருத்திய முதல் படங்களில் ஒன்று. மிசிசிப்பியின் கோடைப் பச்சையை ரோஜர் டீக்கின்ஸ் காய்ந்த மஞ்சளாக்கினார். அந்தக் கதைக்கு வறட்சியும் புழுதியும் வேண்டியிருந்தது, அதற்காக வாரக்கணக்கில் உட்கார்ந்தார். உன் கதையில் அருவிக்கரையில் ஆரஞ்சு எதற்கு என்றால் பதில் வராது.

ஒரு திரையிடலில், படப்பிடிப்புக்குத் தன் கடையையே விட்டுக்கொடுத்த டீக்கடை அக்கா முழுப் படத்தையும் பார்த்துவிட்டு, "இது எந்தூரு தம்பி?" என்று கேட்டார். பையன் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டான்.

ஒலி இதைவிட மோசம். ஒரு படத்தில் அருவிக் காட்சியின் பின்னால் கடற்பறவை கத்துகிறது. டவுன்லோட் செய்த அருவி, ஏதோ கடலோரத்தில் பதிவானது போல. குற்றாலத்துக்குக் கடற்பறவை ஏதுடே? அருவிக்கு ஒரே சத்தம் கிடையாது. பேரருவி நடுவில் பொங்குமாங்கடல் பள்ளத்தில் விழுந்து, பொங்கி, பிறகுதான் கீழே வருகிறது. ஐந்தருவி பாறையில் பிரிந்து பிரிந்து இறங்குகிறது. அடியில் நின்றால் காதை அடைக்கும். கடைத்தெருவுக்கு வந்துவிட்டால் கூரான ஒலியெல்லாம் குறைந்துபோய் அடி உறுமல் மட்டும் மிஞ்சும். பிள்ளைகளின் டைம்லைனில் எல்லா இடத்திலும் ஒரே லூப்தான் ஓடுகிறது.

வசனம்தான் உண்மையான இழப்பு. அருவி இரைச்சல் கீழ் அலைவரிசையிலிருந்து மேல் வரை பரவிக் கிடக்கும், பேச்சும் அதற்குள்தான் இருக்கும். இரைச்சலை நீக்கும் மென்பொருளை முடுக்கினால் 'ச'வும் 'த'வும் கரைந்து, ஆள் தண்ணிக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி கேட்கும். உடனே "டப் பண்ணிரலாம்ணே." ஃபுட்டேஜில் தெளிவாக "என்னல பண்ணுத" என்று கேட்ட பையன், டப்பிங் மைக் முன்னால் நின்றதும் தானாகவே "என்னடா பண்ற" என்கிறான். யாரும் திருத்தச் சொல்லவில்லை. உதடு ஒன்று சொல்கிறது, குரல் வேறொன்று. மைக் என்றாலே நம் பேச்சைக் கழற்றி வைத்துவிட வேண்டும் என்று இருபது வயதுக்குள் அவனுக்கு எப்படிப் படிந்தது? எனக்கு ஆத்திரம் வருவது இங்கேதான். நிறத்தைக்கூட ஒரு நாள் உட்கார்ந்து மீட்டுவிடலாம்.

இசை இல்லாமல் படம் நிற்காது என்கிறவர்கள் பி.எஸ். வினோத்ராஜின் 'கொட்டுக்காளி'யை (2024) பார்க்கட்டும். பின்னணி இசையே இல்லை. ஆட்டோ சத்தம், சேவல் சத்தம், மனிதர்கள். பட்ஜெட் என்ற சமாதானமும் எடுபடாது. சட்டையில் குத்துகிற சின்ன மைக் போதும். வசனத்தை அருவியடியில் வைக்காமல் நூறு அடி தள்ளி வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

ஆனால் ஒரு கல்லூரியின் மதிப்பெண் தாளைப் பார்த்தேன். கலர் கிரேடிங்குக்கு ஒரு கட்டம், பின்னணி இசைக்கு ஒரு கட்டம். எடுத்த இடத்திலேயே பதிவான ஒலிக்குக் கட்டமே இல்லை. பிள்ளைகளைக் குறை சொல்லி என்ன செய்ய? முதலில் வாத்தியார்கள் அந்தத் தாளைக் கிழிக்கட்டும்.

அடுத்த ஆனியில் படம் எடுக்கிறவர்கள் ஒவ்வொரு இடத்திலும் யாரும் பேசாமல் ஒரு நிமிஷம் பதிவு செய்துகொள்ளுங்கள். தகரக் கூரை மேல் சாரல், வாழை இலை மேல் சாரல், குடை மேல் சாரல், தனித்தனியாக. ரெக்கார்டர் நான் தருகிறேன். நனையாமலிருக்க ஒரு பாலித்தீன் பை மட்டும் கொண்டு வாங்க.