ஆபத்தில் கூப்பிடும் கார்: எச்சரிக்கை விளக்கு எரிந்தால் என்ன செய்வது?

ராத்திரி மணி 2. திண்டுக்கல்லில் இருந்து மதுரைக்குப் போகும் நான்கு வழிச் சாலை. கொடைரோடு பக்கம் ஒரு கார் தடுப்பில் மோதி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே இருப்பவர்களுக்கு நினைவு இல்லை. சுற்றிலும் இருட்டு. ஆம்புலன்சை யார் கூப்பிடுவது?

காரே கூப்பிடும்!

இது கதை அல்ல. இன்றைய புதுக் கார்கள் பலவற்றில் இந்த வசதி இருக்கிறது. மோதிய வேகத்தில் காற்றுப்பை விரிந்ததும், காருக்குள் இருக்கும் ஒரு சிறு கருவி தானாகவே போன் போடும். விபத்து எந்த இடத்தில் நடந்தது என்று செயற்கைக்கோள் உதவியால் அறிந்து சொல்லும். உள்ளே இருப்பவருக்கு நினைவு இருந்தால், மறுமுனையில் இருப்பவருடன் பேசலாம். உள்கூரையில் உள்ள ‘எஸ்.ஓ.எஸ்.’ பொத்தானை அமுக்கியும் உதவி கேட்கலாம்.

ஐரோப்பிய நாடுகளில் 2018 மார்ச் 31 முதல் புதிதாக வரும் கார் ரகங்களுக்கு இந்தக் கருவி கட்டாயம். அங்கே அழைப்பு 112 என்ற அவசர எண்ணுக்குப் போகும். நம் நாட்டில் விற்கும் கார்கள் பலவற்றில், முதலில் கார் கம்பெனியின் உதவி நிலையத்துக்குப் போகிறது. அங்கிருந்து ஆம்புலன்சுக்குத் தகவல் சொல்கிறார்கள்.

விளக்கு ஏன் எரிகிறது?

சில கார்களில் ஒரு நாள் திடீரென்று எச்சரிக்கை விளக்கு எரியும். ‘அவசர அழைப்பு வேலை செய்யவில்லை’ என்று எழுத்தும் வரும். கார் வழக்கம்போல் ஓடும். பிரேக் பிடிக்கும். ஹார்ன் அடிக்கும். ‘வண்டிதான் ஓடுகிறதே!’ என்று பலர் விட்டுவிடுகிறார்கள். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

இதற்குக் காரணங்கள் பல. விபத்தில் பெரிய பாட்டரி அறுந்து போனாலும் பேச வேண்டும் என்பதற்காக, இந்தக் கருவிக்கென்று தனியாக ஒரு சின்ன பாட்டரி வைப்பது உண்டு. சில வருடங்களில் அது தளர்ந்துவிடும். உடனே விளக்கு எரியும்.

கூரையில் உள்ள ஏரியல் கெட்டுப் போகலாம். வெளியே பாட்டுப் பெட்டி மாட்டும்போது ஒயர் கழன்றிருக்கலாம். மைக் பழுதாகலாம். காற்றுப்பையின் கோளாறும் காரணமாக இருக்கலாம். கம்பெனிக்குக் கட்ட வேண்டிய சந்தா முடிந்திருக்கலாம்.

கொடைக்கானல் மலைப்பாதையிலும் சிறுமலை வளைவுகளிலும் சில இடங்களில் போனுக்கு சிக்னல் கிடைக்காது. அப்போதும் எச்சரிக்கை வரலாம். சமவெளிக்கு இறங்கியதும் அது மறைந்துவிட்டால் பயம் இல்லை. ஊருக்குள் வந்த பிறகும் எரிந்தால் அது பழுதுதான்.

செய்ய வேண்டியது என்ன?

காரை ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்துக் கதவைப் பூட்டி, சில நிமிஷம் கழித்து மறுபடி கிளப்பிப் பார்க்கலாம். பெரிய பாட்டரியைப் புதிதாக மாற்றிய பிறகு வரும் எச்சரிக்கை, சில சமயம் இதிலேயே போய்விடும்.

போகவில்லையா? கம்பெனி பட்டறைக்குக் கொண்டுபோய்ப் பழுதைக் கருவி மூலம் படித்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். வீட்டில் ஒயரைப் பிரிக்கக் கூடாது. காற்றுப்பையின் ஒயரில் கை வைப்பது உயிருக்கே ஆபத்து. ‘வேலை செய்கிறதா பார்ப்போம்’ என்று எஸ்.ஓ.எஸ். பொத்தானை விளையாட்டாக அமுக்குவதும் தவறு. குழந்தைகளுக்கும் இதைச் சொல்லி வைக்க வேண்டும்.

கார் வாங்கும்போதே மூன்று கேள்விகள் கேட்பது நல்லது. இந்த அழைப்பு எங்கே போகும்? எத்தனை வருடத்துக்கு இலவசம்? சின்ன பாட்டரியை எப்போது மாற்ற வேண்டும்?

அமெரிக்காவில் நடந்தது

கருவி நன்றாக இருந்தாலும் கார் ஊமையாகிவிடலாம். அமெரிக்காவில் 2022-ம் ஆண்டு போன் கம்பெனிகள் பழைய 3ஜி அலைவரிசையை நிறுத்தின. அதை நம்பியிருந்த பழைய கார்கள் பலவற்றில் தானாகக் கூப்பிடும் வசதி நின்று போனது. காரில் ஒரு கோளாறும் இல்லை. பேசும் வழிதான் அடைபட்டது.

கார் பத்து, பதினைந்து வருடம் ஓடும். அலைவரிசை அதற்கு முன்பே மாறிவிடும். ஆகவே உயிர் காக்கும் அழைப்பு, சந்தா முடிந்ததாலோ அலைவரிசை மாறியதாலோ நின்று போகாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு கம்பெனிக்கும் அரசுக்கும் உண்டு.

பஸ் பயணிகளுக்கும் உண்டு

கார் இல்லாதவர்களுக்கும் இதில் பங்கு இருக்கிறது. 2012 டிசம்பரில் டெல்லியில் ஓடும் பஸ்சில் ஒரு மாணவிக்கு நேர்ந்த கொடுமை நாட்டையே உலுக்கியது. அதன் பின் வந்த மத்திய அரசு விதிப்படி, 2019 ஜனவரி 1 முதல் பதிவாகும் பஸ், வாடகைக் கார் போன்றவற்றில் இருப்பிடம் காட்டும் கருவியும் அவசரப் பொத்தானும் இருக்க வேண்டும். ஆட்டோவுக்கு விலக்கு உண்டு. பொத்தான் இருப்பது வேறு, அது வேலை செய்வது வேறு. வண்டியை எப்.சி.க்குக் கொண்டுபோகும்போது டயரையும் விளக்கையும் பார்ப்பதுபோல் இதையும் பார்த்தால்தான் பயன்.

எந்திரம் கைவிட்டால்?

திண்டுக்கல் சாலைகள் கூடும் ஊர். கரூர், திருச்சி, மதுரை, பழனி, வத்தலக்குண்டு என்று நாலா பக்கமும் வண்டிகள் பறக்கின்றன. ஒட்டன்சத்திரம் காய்கறி லாரிகள் ராத்திரியிலும் ஓடுகின்றன. தைப்பூசக் காலத்தில் பழனிக்குப் பாதயாத்திரை போகும் பக்தர்கள் சாலை ஓரமாக நடக்கிறார்கள். இங்கே எந்திரத்தை மட்டும் நம்பியிருக்க முடியாது.

ஆம்புலன்சுக்கு 108. போலீஸ் உள்பட எல்லா அவசரத்துக்கும் 112. தேசிய நெடுஞ்சாலையில் 1033. இவை வீட்டில் சின்னப் பிள்ளைக்கும் மனப்பாடமாக இருக்க வேண்டும். இடத்தைச் சொல்லத் தெரியவில்லையா? சாலை ஓரத்துக் கிலோமீட்டர் கல்லைப் பார்த்து, அதில் உள்ள ஊர்ப் பெயரையும் எண்ணையும் சொன்னால் போதும்.

அடிபட்டவருக்கு உதவப் பயப்படவும் வேண்டாம். 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம், நல்ல எண்ணத்தோடு உதவுகிறவரைப் பாதுகாக்கிறது. தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம், விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாகத் தரத் தொடங்கப்பட்டது.

பூட்டுக்குப் பேர்போன ஊர் திண்டுக்கல். துருப்பிடித்த பூட்டு, திருடன் வருகிற ராத்திரியில்தான் காட்டிக் கொடுக்கும். காரின் அவசர அழைப்பு அப்படி அல்ல. ‘நான் கெட்டுவிட்டேன்’ என்று முன்கூட்டியே விளக்குப் போட்டுச் சொல்கிறது. அந்த விளக்கைப் பார்த்தும் பாராமல் போகாதவர்களே புத்திசாலிகள்!