நம்மவரே மறுக்கும்போது



சில மாதங்களுக்கு முன்னர் வன்னியிலிருந்து ஒரு சகோதரி என்னைத் தேடி வந்திருந்தார். 2009இல் கணவரை இழந்தவர். தையல் வேலை செய்து இரண்டு பிள்ளைகளையும் படிப்பித்து ஆளாக்கியவர். தன்னுடைய பிள்ளைகள் வளர்ந்துவிட்டதால் பின்னேரங்களில் கவனிக்க ஆளின்றித் திரியும் அயலவர் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்க விரும்பினார். அதற்குத் தேவாலய மண்டபத்தைக் கேட்டார். வேதப் பிள்ளைகள், சைவப் பிள்ளைகள் என்ற பேதமின்றி எல்லோரும் வரலாம் என்பது அவருடைய எண்ணம். சபையின் பெண்கள் சங்கமே அதை மறுத்துவிட்டது.

“வெளியாக்கள் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பன் அக்கா. என்னோட ஒண்டாயிருந்து செபிக்கிற ஆக்களே வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டினம். கடவுள் எனக்குள்ள வைச்ச எண்ணம் எண்டு நினைச்சன். அது பிழையோ எண்டு இப்ப நித்திரையில்லை” என்றார்.

அவருக்கு உடனே ஒரு பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு, வேலூர் ஆஸ்பத்திரியைக் கட்டிய அம்மாவின் கதையைச் சொன்னேன். அதையே இம்மாதம் உங்களுக்கும் எழுதுகிறேன்.

வேலூரை நம்மில் பலருக்குத் தெரியும். கடன்பட்டேனும் நோயாளியைக் கூட்டிக்கொண்டு அங்கே போய் வந்தவர்கள் எங்கள் ஊர்களில் இருக்கிறார்கள். அதனை ஆரம்பித்த டொக்டர் ஐடா ஸ்கடரின் குடும்பத்துக்கும் எங்கள் மண்ணுக்கும் தொடர்பு உண்டு. அவருடைய பாட்டனார் டொக்டர் ஜோன் ஸ்கடர், அமெரிக்க மிசன் வைத்தியராக இலங்கைக்கு வந்து, 1820 முதல் பண்டத்தரிப்பில் வைத்தியம் பார்த்தவர். 1836இல் அவர் சென்னைக்கு மாற்றலாகிப் போனார். அவருடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமாக அந்தக் குடும்பத்தில் பலர் மிசனரிகள் ஆனார்கள்.

ஐடாவுக்கு மட்டும் அதில் விருப்பமே இருக்கவில்லை. 1870இல் இராணிப்பேட்டையில் பிறந்த அவர், சிறு வயதிலேயே பஞ்சத்தில் பட்டினி கிடந்த பிள்ளைகளைக் கண்ணால் கண்டவர். இந்தியாவே வேண்டாம், அமெரிக்காவில் நல்லபடியாக வாழவேண்டும் என்பதே அவருடைய ஆசை. குடும்பம் முழுவதும் கண்ட தரிசனத்தை அவர் காணவில்லை. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிற்காலத்தில் மற்றவர்கள் தன்னுடைய தரிசனத்தை ஏற்காதபோது, ஒருகாலத்தில் தானும் ஏற்காமல் நின்றவள்தான் என்பது அவருக்கு ஞாபகம் வந்திருக்காதா என்று நான் யோசிப்பதுண்டு.

தாயாருக்குச் சுகமில்லை என்று திண்டிவனத்துக்கு வந்திருந்த வேளையில், ஒரே இரவில் மூன்று ஆண்கள் ஒருவர்பின் ஒருவராக வந்து கதவைத் தட்டினார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், மற்றவரும் உயர்சாதி இந்து. மூவரின் மனைவியரும் பிரசவ வேதனையில் கிடந்தார்கள். ஐடாவின் தந்தையார் வைத்தியர். ஆனால் ஆண் வைத்தியர் வேண்டாம், நீதான் வரவேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள். படியாத இவரால் என்ன செய்ய முடியும்? விடிந்தபோது பறையொலி கேட்டது. மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அவர்களுள் ஒருத்திக்குப் பதினான்கு வயதுதான் என்று ஐடாவின் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

அதன் பின்னர்தான் அவர் அமெரிக்காவுக்குத் திரும்பிப் படித்தார். 1899இல் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் வைத்தியப் பட்டம் பெற்று, 1900இல் வேலூருக்கு வந்தார். வந்த சில மாதங்களிலேயே தந்தையாரும் காலமானார். பெண்கள் பெண் வைத்தியரைத்தான் தேடுகிறார்கள் என்று நம்பி வந்தவரிடம், அந்தப் பெண்களே முதலில் வரத் தயங்கினார்கள். 1902இல் நாற்பது கட்டில்களோடு ஒரு சிறிய ஆஸ்பத்திரி எழுந்தது. 1918இல் பெண்களுக்கு வைத்தியம் படிப்பிக்கும் பாடசாலை தொடங்க அனுமதி கேட்டபோது, மூன்று பிள்ளைகள் விண்ணப்பித்தாலே பெரிய காரியம் என்று வைத்தியத் துறைப் பெரிய அதிகாரி சொன்னாராம். அதைவிடப் பல மடங்கு விண்ணப்பங்கள் வந்தன. 1922இல் முதல் தொகுதி மாணவிகள் 14 பேர் வைத்தியர்களாக வெளியேறினார்கள்.

இதுவரையும் வெளியார் நம்பாத கதைதான். நம்பாதவர்களுக்கு வேலையைச் செய்து காட்டலாம். அது ஒருவகையில் சுலபம். எங்கள் சகோதரியின் கதை இதற்குப் பிறகு வருவதைப் போன்றது.

1930களின் பிற்பகுதியில், பழைய வைத்தியப் பாடசாலைகள் இனிப் போதாது, பல்கலைக்கழகப் பட்டம் கொடுக்கும் கல்லூரியாகத் தரமுயர வேண்டும் என்று சென்னை அரசாங்கம் உத்தரவிட்டது. இல்லாவிட்டால் மூடவேண்டும். தரமுயர்த்துவதற்குப் பெருந்தொகைப் பணமும், ஆசிரியர்களும், கட்டில்களும் தேவை. பெண்களிடம் மட்டும் சேர்க்கும் காசால் அது முடியாது. ஆண்களையும் சேர்த்துக்கொண்டால் பல திருச்சபைகள் ஒன்றாகத் தோள்கொடுக்க ஆயத்தமாக இருந்தன. பெண்களுக்கென்றே தொடங்கிய இடத்தில் ஆண்களுக்கும் இடங்கொடுப்பதா? நீண்ட தயக்கத்தின் பின் ஐடா சம்மதித்தார்.

அப்போது எதிர்த்து நின்றவர் யார் தெரியுமா? லூசி பீபடி அம்மையார். அவரும் இளவயதில் தென்னிந்தியாவில் கணவரோடு ஊழியம் செய்தவர். அங்கே கணவரை இழந்து, சிறு பிள்ளைகளோடு நாடு திரும்பிய விதவை. 1920களில் ஆசியாவில் பெண்களுக்கான ஏழு கிறிஸ்தவக் கல்லூரிகளுக்குப் பணம் திரட்டிய இயக்கத்தின் முன்னணியில் நின்றவர். அந்த ஏழில் வேலூரும் ஒன்று. பல வருடங்கள் ஐடாவுக்கு வலக்கையாக இருந்தவர் அவர்.

பெண்கள் பெண்களுக்கென்று கொடுத்த காசு இது, அந்த வாக்கை மீறக்கூடாது, ஆண்கள் உள்ளே வந்தால் பெண்களின் இடம் சுருங்கிவிடும் என்பது அவருடைய வாதம். சொல்லுங்கள், இது விசுவாசம் இல்லாதவள் பேசுகிற பேச்சா? எங்கள் பெண்கள் சங்கங்களிலும் ஆண்கள் வந்து தலைமைக் கதிரையில் இருந்த பிறகு என்ன நடந்தது என்பதைக் கண்ட எனக்கு, லூசி அம்மையார் பக்கமும் நியாயம் இருப்பதாகவே படுகிறது. ஒரே கடவுளிடம் செபித்த இரண்டு பெண்கள், ஒரே விடயத்தில் இரண்டு பதிலோடு எழுந்தார்கள். அமெரிக்காவில் வேலூரை ஆதரித்த பெண்களும் இரண்டாகப் பிரிந்தார்கள். பிணக்கு வருடக்கணக்கில் நீண்டது.

1941இல், எழுபது வயதில், ஐடா மீண்டும் அமெரிக்காவுக்குப் போய் ஊர் ஊராகச் சென்று பணம் சேர்த்தார். தன்னைக் குற்றம் சொன்ன பெண்கள் இருந்த அதே சபைகளுக்குத்தான் அவர் போகவேண்டியிருந்தது. 1942இல் பெண்களுக்கான பட்டப்படிப்பு தொடங்கியது. 1947இல் ஆண்களும் சேர்க்கப்பட்டார்கள். லூசி அம்மையார் 1949இலும், ஐடா 1960இல் கொடைக்கானலிலும் காலமானார்கள்.

இந்தக் கதையைக் கேட்டு முடிந்ததும் அந்தச் சகோதரி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு நான் ஒன்றைக் கேட்டேன்: “சங்கத்து அக்காமார் ஏன் மறுத்தவையெண்டு கேட்டனீங்களோ?”

கேட்கவில்லை. மறுத்தார்கள் என்ற வலியே பெரிதாக இருந்திருக்கிறது. கேட்டுப் பாருங்கள் என்று அனுப்பினேன்.

சில கிழமை கழித்துத் தொலைபேசியில் கூப்பிட்டார். சங்கத்துப் பெண்களுக்குப் பயம் இரண்டு இருந்ததாம். ஒன்று, சைவப் பிள்ளைகளைத் தேவாலய மண்டபத்தில் கூட்டினால் மதம் மாற்றுகிறார்கள் என்று கதை வரும், ஊருக்குள் பகை மூளும். மற்றது, வகுப்பு முடிந்து இருட்டில் பெண்பிள்ளைகள் தனியே நடந்து போகவேண்டும். போரில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய் ஒருவர்தான் இதைச் சொன்னாராம். அந்தத் தாயைத் தான் மனதுக்குள் “விசுவாசமில்லாத மனுசி” என்று திட்டியதைச் சொல்லும்போது சகோதரியின் குரல் தளர்ந்தது.

மண்டபத்தை விட்டுவிட்டார். வகுப்பைத் தன் வீட்டு விறாந்தைக்கு மாற்றி, நேரத்தையும் மூன்றரை மணிக்கு முன்தள்ளினார். ஐந்தரைக்குள் எல்லோரும் வீடு போய்விடுவார்கள். ஒரு பக்கத்துச் சைவத் தாய் முறைவைத்துப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் சங்கம் இன்னும் தன் முடிவை மாற்றவில்லை. மழை நாட்களில் விறாந்தையில் ஒழுக்கு இருப்பதால் அன்றைக்கு வகுப்பு இல்லை. மண்டபமோ பின்னேரங்களில் பூட்டியே கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தத் தாய்க்குப் பக்கத்து வாங்கிலேயே இருப்பதாகச் சகோதரி சொன்னார். முதல் இரண்டு கிழமையும் இருவரும் ஒன்றும் பேசவில்லையாம். மூன்றாம் கிழமை அந்தத் தாய், “எத்தினை பிள்ளையள் வருகினம்?” என்று மட்டும் கேட்டாராம்.

பதினொரு பிள்ளைகள் என்று சொல்லியிருக்கிறார்.